கொழும்பு நெரிசலுக்கும் யாழ்ப்பாணப் பயணத்துக்கும் ஒரே மோட்டார் சைக்கிள்: எந்த அளவு போதும்?

வெள்ளவத்தையில் குடியிருந்து தினமும் கோட்டைக்கு வேலைக்குப் போகிறீர்கள், இப்போது இருப்பது பல்சர் 150, உயரம் ஐந்தடி ஆறங்குலம். மாதம் ஒருமுறை யாழ்ப்பாணம், லீவு கிடைத்தால் மலைநாடு, சில வேளை மனைவியும் பின்னால் வருவார். ஹிமாலயன் 450, ஹொண்டா 500, சுசுகி வி-ஸ்ட்ரோம் 250 மூன்றில் எதை எடுக்கலாம் என்று கேட்டிருந்தீர்கள். கேள்வியில் மாடல் பெயர்கள் இருந்தாலும், நீங்கள் உண்மையில் அறிய விரும்புவது வேறு என்று நினைக்கிறேன். இரண்டு விதமான ஓட்டத்துக்கும் ஒரே வண்டி சரிவருமா, சரிவந்தால் அது எவ்வளவு பெரிதாக இருக்க வேண்டும் என்பதுதான் அது. அதற்கு முதலில் பதில் சொல்கிறேன், பெயர்களுக்கு அப்புறம் வருகிறேன்.

நான் கொழும்பில் மோட்டார் சைக்கிள் திருத்தும் வேலையில் இருப்பவன். பயணம் போகும் பழக்கமும் நீண்ட காலமாக உண்டு. இதில் அளந்து சொல்லக்கூடியவை சில, ஆளுக்கு ஆள் மாறுபவை சில. எது எது என்பதை அந்தந்த இடத்தில் சொல்லிவிடுகிறேன்.

அளந்து சொல்லக்கூடியதிலிருந்து தொடங்குவோம். நம் நாட்டில் அதிவேகப் பாதைகளில் மோட்டார் சைக்கிளுக்கு அனுமதி இல்லை. ஆகவே நீங்கள் எங்கே போனாலும் புத்தளம் வீதி, கண்டி வீதி, ஏ9 போன்ற சாதாரண வீதிகள்தான். அங்கே ஊர்களுக்கு வெளியே சட்டப்படியான வேகம் மணிக்கு 70 கிலோமீற்றர். நிமிர்ந்து உட்கார்ந்து ஓட்டும் உயரமான பைக் ஒன்று, ஆளும் பையுமாகச் சமதரையில் 70இல் போக, காற்றையும் ரயர் உராய்வையும் தள்ளத் தேவைப்படுவது ஐந்து முதல் ஏழு குதிரைவலு மட்டுமே. இருவரும் சாமான்களுமாக, நூற்றுக்கு எட்டு என்ற சாய்வில் 50 கிலோமீற்றர் வேகத்தில் ஏறினாலும் எட்டு, ஒன்பதைத் தாண்டாது. வேண்டுமானால் நீங்களே கணக்குப் போட்டுப் பார்க்கலாம். உங்கள் பல்சரில் இருக்கும் பதினான்கே அதற்குப் போதும். வெளிநாட்டு வீடியோக்களில் 47 குதிரைவலு குறைந்தபட்சம் என்பதுபோலப் பேசுவது, நாள் முழுக்க 120இல் போகும் நெடுஞ்சாலைகளை வைத்து. ஹொண்டாவின் 500 வகையில் அந்த 47 என்ற எண் வந்ததற்கே காரணம், ஐரோப்பாவில் நடுத்தர அனுமதிப்பத்திரத்துக்கு விதித்துள்ள 35 கிலோவாட் எல்லை. நம் வீதிக்கும் அந்த எண்ணுக்கும் ஒரு தொடர்பும் கிடையாது.

அப்படியானால் 150 போதுமே, ஏன் மாற்ற வேண்டும் என்று கேட்கலாம். போதாது என்று உங்களுக்குத் தோன்றுவதற்கு நியாயமான காரணங்கள் இரண்டு இருக்கின்றன. ஒன்று, முந்திச் செல்வது. மாவனல்லை தாண்டிக் கடுகண்ணாவை ஏறும்போது முன்னால் ஒரு லொறி 30இல் ஊர்கிறது, எதிரே வளைவு, கிடைக்கும் நேர்த்துண்டு கொஞ்சம்தான். அங்கே 30இலிருந்து 55க்கு எவ்வளவு விரைவாக ஏறுகிறீர்கள் என்பதுதான் உயிர்க்காப்பு. அதற்கு உச்சக் குதிரைவலுவைவிட, எஞ்ஜின் குறைந்த சுற்றில் ஓடும்போதே கிடைக்கும் இழுவிசை (டோர்க்) முக்கியம். பழைய ஹிமாலயன் 411இல் 24 குதிரைவலுதான். ஆனால் 32 நியூட்டன் மீற்றர் இழுவை நிமிடத்துக்கு 4000 சுற்றைத் தாண்டியதுமே வந்துவிடும். வி-ஸ்ட்ரோம் 250 எஸ்எக்ஸில் குதிரைவலு 26, இழுவை 22தான், அதுவும் 7000 சுற்றுக்கு மேலே. அதாவது வி-ஸ்ட்ரோமில் கியர் குறைத்து, எஞ்ஜினைக் கத்தவிட்டு முந்த வேண்டும். ஹிமாலயனில் கியர் மாற்றாமலே போகலாம். புதிய 450இல் 40 குதிரைவலு, 40 நியூட்டன் மீற்றர், அது 5500இல் வருகிறது. இரண்டாவது காரணம், களைப்பு. 400 கிலோமீற்றர் தூரத்துக்குச் சிறிய சஸ்பென்சனும் மெல்லிய இருக்கையும் முதுகை வாங்கிவிடும். யாழ்ப்பாணம் போய் இறங்கும்போது உங்களுக்கு வலிப்பது எஞ்ஜின் அளவால் அல்ல, பெரும்பாலும் இவற்றால்தான்.

இனி நான் மிக முக்கியமாக நினைப்பதற்கு வருகிறேன். அது எடை, அதிலும் பைக் ஓடாமல் நிற்கும்போது உங்கள் காலிலும் கையிலும் விழும் எடை. உங்கள் பல்சர் 150 ஏறக்குறைய 148 கிலோ, இருக்கை உயரம் 785 மில்லிமீற்றர். வி-ஸ்ட்ரோம் 250 எஸ்எக்ஸ் 167 கிலோ, 835 மில்லிமீற்றர். ஹிமாலயன் 450 எடை 196 கிலோ, இருக்கை 825, உயர்த்தினால் 845. நீங்கள் கேட்ட ஹொண்டா 500, இப்போதைய பெயரில் என்எக்ஸ்500, அதே 196 கிலோ, 830. எண்ணாகப் பார்த்தால் பெரிய வித்தியாசமாகத் தெரியாது. ஆனால் வெள்ளவத்தையில் பல தொடர்மாடிகளில் பைக் நிறுத்துமிடம் கீழ்த்தளத்தில், சரிவான பாதையில் இருக்கும். காலையில் யாரோ ஒருவருடைய ஸ்கூட்டர் பின்னால் நிற்கும். மழை நீர் ஒழுகிய தரையில், சரிவுக்கு எதிராக, இருக்கையில் உட்கார்ந்தபடி காலால் தள்ளிப் பின்னால் எடுக்க வேண்டும். அங்கே 167க்கும் 196க்கும் இடையிலான 29 கிலோ, ஒரு மூட்டை சிமெந்தில் பாதிக்கு மேல். அதைத் தினமும் செய்யப் போவது நீங்கள்தான்.

காலி வீதியிலும் அதே கதை. பம்பலப்பிட்டிச் சந்தியிலிருந்து கொள்ளுப்பிட்டி வரைக்கும் நெரிசல் நேரத்தில் நடை வேகத்தில்தான் போகிறோம். அரைக் கிளச்சில் இருபதடி, நிறுத்தம், கால் ஊன்றல், மறுபடி இருபதடி. இந்த வேகத்தில் பைக் தானாக நிமிர்ந்து நிற்காது, நீங்கள்தான் பிடிக்கிறீர்கள். உங்கள் உயரத்துக்கு 835 மில்லிமீற்றர் இருக்கையில் இரு பாதங்களின் முன்பகுதி அநேகமாக நிலத்தில் படும், குதிகால் படாது. நீங்கள் உட்கார்ந்ததும் சஸ்பென்சன் கொஞ்சம் இறங்கிக் கொடுக்கும். எவ்வளவு இறங்கும் என்பது உங்கள் எடையைப் பொறுத்தது. பின்பக்க ஸ்பிரிங் இறுக்கமாக இருந்தால் அதைத் தளர்த்தினாலும் சற்று இறங்கும். அதனால் அட்டவணையில் உள்ள எண்ணை மட்டும் பார்த்து எடுக்கவும் வேண்டாம், பயப்படவும் வேண்டாம். ஹிமாலயன் 450க்குத் தாழ்ந்த இருக்கை தனியாகக் கிடைக்கும்.

கைபிடியின் அகலத்தையும் பாருங்கள். பயணத்துக்குச் செய்த பைக்குகளின் கைபிடி பல்சரைவிட எட்டுப் பத்து சென்ரிமீற்றர் அகலம், உயரமும் கூட. இப்போது நீங்கள் சுலபமாக நுழையும் இடைவெளியில், வான்களின் கண்ணாடிகள் உங்கள் கைப்பிடி நுனியின் மட்டத்துக்கே வந்து நிற்கும். இரண்டு பக்கமும் பெட்டி மாட்டினால் இன்னும் மோசம். பெட்டிகளைப் பயண நாளில் மட்டும் மாட்டி, வார நாளில் கழற்றி வைப்பதை ஒரு பழக்கமாக்கிக்கொள்ளுங்கள்.

சூட்டைப் பற்றி எல்லோரும் கேட்கிறார்கள். எஞ்ஜின் பெரிதானால் வெளிவிடும் வெப்பமும் அதிகம், இது நிச்சயம். நீர்க்குளிர்ப்பு உள்ள 450இல் எஞ்ஜினுக்கு ஆபத்து வராது, விசிறி சுழன்று பார்த்துக்கொள்ளும். ஆனால் அந்த விசிறி தள்ளும் சூடான காற்று எங்கேயாவது போகத்தானே வேண்டும். வி-ஸ்ட்ரோம் 250 எண்ணெயால் குளிரும் எஞ்ஜின், ரேடியேட்டர் நீர் இல்லை, பராமரிப்பு குறைவு. ஆனால் காலில் படும் சூடு ஒருவருக்குத் தாங்கும், இன்னொருவருக்குத் தாங்காது. மெல்லிய காற்சட்டையா, தடித்த ஜீன்ஸா என்பதிலேயே மாறிவிடும். ஆகையால் இதில் என் தீர்ப்பை நம்ப வேண்டாம். மதியம் பன்னிரண்டு மணிக்கு, நெரிசலில், அரை மணி நேரம் ஓட்டிப் பார்த்தால் உங்களுக்கே தெரிந்துவிடும்.

மலைநாடு என்று சொன்னீர்களே, அங்கே எந்த வீதி என்பதைப் பொறுத்து விடை மாறும். கிதுல்கல, ஹட்டன் வழியாக நுவரெலியா போவதற்கு உங்கள் பல்சரே போதும், எல்லாம் நல்ல தார் வீதி. ஹுன்னஸ்கிரியவிலிருந்து மீமுரே கிராமத்துக்கு இறங்கினால் வேறு கதை. செங்குத்தான இறக்கம், மழையில் அரித்த கரடுமுரடு, கற்கள். இங்கேதான் முன்சில்லின் அளவு வேலை செய்கிறது. 21 அங்குலச் சில்லு கல்லின் மேல் ஏறிப் போகும், 17 அங்குலம் அதில் முட்டும். 19 அங்குலம் இரண்டுக்கும் இடைப்பட்டது, தார் வீதி வளைவுகளில் 21ஐவிட இலகுவாகத் திரும்பும். ஹிமாலயன் இரண்டிலும் 21, வி-ஸ்ட்ரோமிலும் என்எக்ஸ்500இலும் 19. ஆண்டுக்கு ஓரிரு தடவை மட்டுமே மண்பாதை என்றால் 19தான் சரியான சமரசம் என்பது என் உறுதியான எண்ணம்.

பலர் கவனிக்காமல் விடும் ஒன்றையும் சொல்கிறேன். கம்பிச் சில்லில் டியூப் உள்ள ரயரா, வார்ப்புச் சில்லில் டியூப் இல்லாத ரயரா என்பது தனியாகப் போகிறவனுக்கு மிகப் பெரிய விடயம். டியூப் இல்லாத ரயரில் ஆணி ஏறினால் ஆணியை இழுத்து, துளையைத் துருவிச் சுத்தமாக்கி, ரப்பர் திரியைக் குத்தி, சின்னப் பம்பால் காற்றடித்துப் பதினைந்து நிமிடத்தில் கிளம்பலாம். டியூப் என்றால் சில்லைக் கழற்ற வேண்டும். பூநகரி தாண்டிச் சங்குப்பிட்டிப் பாலத்துக்குப் போகும் வெட்ட வெளியில், 196 கிலோ பைக்கில் பின்சில்லைக் கழற்றுவதை யோசித்துப் பாருங்கள். வி-ஸ்ட்ரோம், என்எக்ஸ்500 இரண்டும் டியூப் இல்லாதவை. ஹிமாலயன் 450 முதலில் டியூபோடுதான் வந்தது, பிறகு டியூப் தேவைப்படாத கம்பிச் சில்லும் வந்தது. நீங்கள் பார்க்கும் வண்டியில் எது என்று கேட்டு உறுதிப்படுத்துங்கள். கம்பிச் சில்லுக்கும் ஒரு நன்மை உண்டு: பள்ளத்தில் பலமாக விழுந்தால் வளையும், உடையாது, நிமிர்த்தவும் முடியும்.

ஹொண்டா 500ஐப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் உங்கள் மனம் அதில் இருப்பது எழுத்திலேயே தெரிகிறது. 2013இல் சிபி500எக்ஸ் என்று வந்தது, 2019இல் முன்சில்லு 19 ஆனது, 2024இல் என்எக்ஸ்500 என்று பெயர் மாறியது. 471 சிசி, இரட்டைச் சிலிண்டர். ஒற்றைச் சிலிண்டரில் கைக்கு வரும் அதிர்வு இதில் கிட்டத்தட்ட இல்லை, நீண்ட தூரத்துக்கு இதைவிடச் சுகமான எஞ்ஜின் இந்த அளவில் எனக்குத் தெரியாது. 17.5 லீற்றர் தாங்கி, லீற்றருக்கு 25க்கு மேல் ஓடும், கொழும்பில் நிரப்பினால் யாழ்ப்பாணம்வரை நிரப்பாமல் போகலாம். இத்தனையும் உண்மை. ஆனாலும் நான் உங்களுக்கு அதைச் சொல்ல மாட்டேன். இங்கே இந்த வகை வண்டிகளின் எண்ணிக்கை குறைவு. பிரேக் பாட், கேபிள், லீவர் போன்ற சின்னச் சாமானுக்கே சொல்லி வைத்துக் காத்திருக்க வேண்டிவரும். விளையாட்டுக்கு வைத்திருக்கும் இரண்டாவது பைக் என்றால் காத்திருக்கலாம். திங்கட்கிழமை வேலைக்குப் போக வேண்டிய ஒரே பைக் என்றால் முடியாது.

விலையைப் பற்றி எண் எதுவும் சொல்லவில்லை, வரியும் டொலரும் மாற மாற அது மாறிக்கொண்டே இருக்கும். 2020 மார்ச்சில் நின்ற வாகன இறக்குமதி 2025 பெப்ரவரியில்தான் தனியாருக்குத் திறந்தது. அந்த இடைவெளியால் சந்தையில் இருக்கும் பழைய வண்டிகள் பல வயதானவை, விலை மட்டும் வயதுக்கு ஏற்றபடி இறங்கவில்லை. பழையது எடுப்பதென்றால் ஒன்றை மட்டும் விட்டுவிடாதீர்கள். பதிவுப் புத்தகத்தில் உள்ள சேசி இலக்கம், எஞ்ஜின் இலக்கம், சிசி மூன்றும் வண்டியில் இருப்பதோடு எழுத்துக்கு எழுத்துப் பொருந்த வேண்டும். சேசி இலக்கம் ஹெட் குழாயில், கைபிடிக்குக் கீழே வெட்டியிருக்கும். டோர்ச் அடித்து, கையால் தடவிப் பாருங்கள். இலக்கங்கள் ஒரே ஆழத்தில், ஒரே வரிசையில் இருக்க வேண்டும். சுற்றியுள்ள பெயின்ட் மட்டும் புதிதாக இருந்தால் அங்கேயே நிறுத்திவிடுங்கள். பெரிய பைக்கின் உடம்புக்குச் சிறிய பைக்கின் புத்தகம் போட்டு விற்கும் ஏமாற்று நம் நாட்டில் இருக்கிறது. மாட்டினால் பைக்கும் போய், பணமும் போய், வழக்கும் வரும். மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தில் அந்த இலக்கத்தின் விபரப் பிரதியை எடுத்துப் பார்த்த பிறகே முற்பணம் கொடுங்கள்.

லைசன்ஸைப் பற்றிக் கவலை வேண்டாம். பல்சர் 150 ஓட்டும் உங்களிடம் ஏ வகுப்பு இருக்கும், 100 சிசிக்கு மேற்பட்ட எல்லாம் அதில் அடங்கும். பெற்றோலும் 92 போதும். வி-ஸ்ட்ரோமும் ஹிமாலயனும் இந்தியாவின் 91 ஒக்டேன் பெற்றோலை நினைத்துச் செய்யப்பட்டவை, 95 அடிப்பதால் கூடுதலாக எதுவும் கிடைக்காது.

சரி, என் பதில். நீங்கள் எழுதியதைப் பார்த்தால் உங்கள் ஓட்டத்தின் பெரும்பகுதி காலி வீதி. மனைவி வருவது சில வேளை. அப்படியானால் 250 அளவே உங்களுக்குப் பொருத்தம், மூன்றில் வி-ஸ்ட்ரோம் 250 எஸ்எக்ஸ். 12 லீற்றர் தாங்கிதான், ஆனாலும் லீற்றருக்கு 30க்கு மேல் கொடுப்பதால் வழியில் ஒரு தடவை நிரப்பினால் நிம்மதியாக யாழ்ப்பாணம். மனைவியும் சாமானுமாக மாதாமாதம் இருவரும் போவதாக இருந்தாலோ, மீமுரே மாதிரிப் பாதைகள்தான் உங்களுக்குப் பிடிக்கும் என்றாலோ, ஹிமாலயன் 450க்குப் போங்கள். அதில் பின்பக்க ஏபிஎஸ்ஸை (பிரேக் பிடிக்கும்போது சில்லு பூட்டிக்கொள்ளாமல் காப்பது) மண்பாதையில் நிறுத்தி வைக்கலாம், சஸ்பென்சனும் இருவர் எடையைத் தாங்கும். அந்த 29 கிலோவைத் தினமும் தள்ளுவதற்கு அப்போது ஒரு காரணம் இருக்கும். இரண்டுக்கும் நடுவில் மனம் ஊசலாடினால் சிறியதையே எடுங்கள் என்பேன். இது என் சொந்த விருப்பமும் கலந்த கருத்து. உங்களைவிட உயரமான, பலமான ஒருவர் கேட்டிருந்தால் நான் இவ்வளவு அழுத்திச் சொல்லியிருக்க மாட்டேன்.

மிச்சம் பிடிக்கும் பணத்தை எஞ்ஜினில் போட வேண்டாம். எக்ஸோஸ்ட் மாற்றுவது, கூடுதல் லைட் பூட்டுவது எல்லாம் பிறகு. முதலில் நல்ல ஹெல்மெட், கையுறை, கணுக்காலை மூடும் சப்பாத்து. அடுத்தது ரயர். வண்டியோடு வரும் ரயர் தேய்ந்ததும், தார் வீதிக்கு அதிகமும் மண்ணுக்குக் கொஞ்சமுமாக வடிவமைத்ததைப் போடுங்கள். கட்டை கட்டையாகப் பல் உள்ள ரயர் பார்க்க நன்றாக இருக்கும், ஆனால் மழை பெய்த காலி வீதியில், அதுவும் வெள்ளைக்கோட்டின் மேல் பிரேக் பிடித்தால் வழுக்கும். மனைவி ஏறும் நாளில் பின் ஸ்பிரிங்கை இரண்டு மூன்று படி இறுக்குங்கள், ரயர்க் காற்றையும் புத்தகத்தில் இருவருக்கென்று போட்டிருக்கும் அளவுக்கு உயர்த்துங்கள். இதைச் செய்யாததாலேயே முன்பக்கம் லேசாகி, வளைவில் பைக் சொல் கேட்பதில்லை என்று பலர் கராஜுக்கு வருகிறார்கள்.

வெள்ளவத்தையில் இருப்பதால் உப்பையும் சொல்ல வேண்டும். மெரைன் டிரைவ் பக்கம் நிறுத்தும் வண்டியில் செயின், கம்பிச் சில்லின் முனைகள், டிஸ்க்கைப் பூட்டும் ஆணிகள்தான் முதலில் துருவேறும். வாரம் ஒருமுறை நல்ல தண்ணீரில் கழுவி, காய்ந்த பிறகு செயினுக்கு எண்ணெய். செயின் கழுவ பெற்றோல் வேண்டாம், உள்ளிருக்கும் ரப்பர் வளையம் கெட்டுவிடும், மண்ணெண்ணெய் போதும்.

பயணத்தில் காற்றையும் நேரத்தையும் கணக்கில் எடுங்கள். மே முதல் செப்டெம்பர் வரை தென்மேல் பருவக் காற்று மன்னார்ப் பக்கமும் பூநகரி வெளியிலும் பக்கவாட்டில் அடிக்கும். உயரமான பைக்கும் பின்னால் பெரிய பெட்டியும் என்றால் தள்ளாட்டம் தெரியும், வேகத்தை 60க்குக் குறைத்தால் அடங்கும். ஹபரணையிலிருந்து திருகோணமலை போகும் வழியில் பொழுது சாய்ந்த பிறகு யானை வீதிக்கு வரும். அந்தத் துண்டைப் பகலிலேயே தாண்டும்படி கிளம்புங்கள்.

முடிவெடுக்க முன்னர் இரண்டு வண்டிகளையும் ஒரே நாளில் ஓட்டிப் பாருங்கள், மனைவியையும் கூட்டிக்கொண்டு போங்கள். பின்னிருக்கையில் அவர் முழங்கால் எவ்வளவு மடங்குகிறது, ஏறி இறங்கக் கஷ்டமாக இருக்கிறதா என்பதை அவர் வாயாலேயே கேளுங்கள், அதை நீங்கள் ஊகிக்க முடியாது. பிறகு எஞ்ஜினை நிறுத்தி, சற்றுச் சரிவான இடத்தில் பைக்கைப் பின்பக்கமாகத் தள்ளிப் பாருங்கள். விற்பனை செய்பவர் ஓட்டிப் பார்க்க விடாவிட்டால் அந்த மாடலை வைத்திருக்கும் யாரிடமாவது ஒரு மணி நேரம் கேளுங்கள். பைக் வைத்திருப்பவர்கள் பெரும்பாலும் மறுக்க மாட்டார்கள்.